நாள் முழுக்க நடக்க எந்தப் பை? தோள் நோவோடு வந்த ஒரு கேள்விக்குப் பதில்

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: சனி, ஞாயிறில் தோழிகளோடு விடியவே வெளிக்கிட்டுப் பொழுதுபடும்வரை 20 கிலோமீற்றர் அளவில் நடக்கிறோம், தம்பியின் பழைய பள்ளிக்கூடப் பையைத்தான் கொண்டுபோகிறேன், மத்தியானம் தாண்டினால் தோள் எரிகிறது, சில நாள் இடது கை விரல்கள் விறைக்கின்றன, மார்கழியில் சிவனொளிபாதமலைக்கும் போக இருக்கிறோம், 40 லீற்றர் பை ஒன்று வாங்கினால் சரிவருமா, எந்த பிராண்ட் நல்லது? உயரம் ஐந்தடி ஒரு அங்குலம், நிறை 50 கிலோ என்றும் எழுதியிருக்கிறார். அதை எழுதியது நல்லது, அநேகம் பேர் எழுதுவதில்லை. வாசிக்கும்போது லீற்றரையும் பிராண்டையும் கேட்பது போல இருந்தாலும், உண்மையில் அவர் கேட்பது தன் தோள் ஏன் நோகிறது, எப்படிப்பட்ட பை அதை நிறுத்தும் என்பதைத்தான். பாரம் உடம்பில் எந்த இடத்தில் இறங்குகிறது என்பதைப் பார்த்தால் அதற்குப் பதில் கிடைக்கும். லீற்றர் கணக்கு பிறகு வரட்டும்.

நான் கிளிநொச்சியில் தையல் கடை வைத்திருப்பவன். ஓட்டோக் கூரை, மோட்டார் சைக்கிள் சீற், தறப்பாள், அதோடு அறுந்த பைகள். பை எங்கே அறும், ஏன் அறும் என்பது தொழிலால் தெரியும். நடையும் பழக்கம். மடுவுக்கும் வற்றாப்பளைக்கும் நடந்து போகிற கூட்டங்களோடு பல வருடமாகப் போகிறேன், மற்ற நாட்களில் குளக்கட்டுகளிலும் கிரவல் ரோட்டுகளிலும். வைத்தியன் இல்லை. ஆகவே விரல் விறைப்புப் பற்றி நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான்.

பை வாங்க முதல் ஒரு வேலை செய்யுங்கள். வழமையாகக் கொண்டுபோகிற சாமான் எல்லாவற்றையும் பழைய பையில் போட்டு, பக்கத்துக் கடையில் அரிசி நிறுக்கிற தராசில் வைத்துப் பாருங்கள். வன்னியில் நாள் முழுக்க நடக்கிற ஆளின் பாரத்தில் பாதிக்கு மேல் தண்ணீராகத்தான் இருக்கும். நடக்கும்போது மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு. சித்திரை, வைகாசி வெயிலில் அதுவும் காணாது. எட்டு மணித்தியாலத்துக்கு 4 லீற்றர், அதாவது 4 கிலோ. மலைநாட்டில் தேத்தண்ணிக் கடையைக் கண்ட இடத்தில் போத்தலை நிரப்பிக்கொள்ளலாம். இங்கே முத்தையன்கட்டுப் பக்கமோ தண்ணிமுறிப்புப் பக்கமோ போனால் குளம் நிறையத் தண்ணீர் கண்முன்னே கிடக்கும், ஒரு மிடறு குடிக்க ஏலாது. சில இடத்துக் கிணறு உவர். சிறுநீரக நோய்க் கதைகளைக் கேட்ட பிறகு அறியாத கிணற்றில் வாய் வைக்க ஆட்கள் தயங்குகிறார்கள். ஆகவே வீட்டிலிருந்தே சுமக்க வேண்டியிருக்கிறது. சாப்பாடு, குடை, ரோச், துவாய், மருந்து, போன், பவர் பாங்க் எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோ வரும். பையே ஒரு கிலோ. மொத்தம் 7 கிலோவுக்குக் கிட்ட.

பகல் நடைக்கு உடல் நிறையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு 5 கிலோ. அது நடப்பவர்கள் பழக்கத்தில் வைத்துக்கொண்ட கணக்கு, யாரும் போட்ட சட்டம் இல்லை. அந்தக் கணக்குக்குள் வருவதற்காகத் தண்ணீரைக் குறைப்பது வன்னி வெயிலில் ஆபத்து. 7 கிலோ என்பதை ஏற்றுக்கொண்டு, அதைத் தோளில் விடாத பையைத் தேடுங்கள்.

பள்ளிக்கூடப் பைக்கு இரண்டு தோள்பட்டிதான். முழுப் பாரமும் கழுத்துக்கும் தோள்மூட்டுக்கும் நடுவிலுள்ள சதையில் நிற்கும். கொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு பள்ளிக்கூடம் போய் வருவதற்கு அது போதும். எட்டு மணித்தியாலத்துக்குப் போதாது. பாரத்தை இடுப்பு எலும்பில் இறக்க வேண்டும். அமெரிக்காவில் டிக் கெல்ற்றி என்பவர் 1952-இல் அலுமினியச் சட்டம் வைத்த பைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். இடுப்பில் சுமக்கிற முறை நடப்பவர்களிடம் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே கவனிக்க வேண்டியது பட்டியை விடச் சட்டத்தை. துணி பாரத்தைக் கீழே தள்ளாது, மடிந்துபோகும். பைக்குள் முதுகுப் பக்கமாக விறைப்பான தகடோ கம்பியோ இருந்தால்தான் மேலேயுள்ள பாரம் இடுப்புப் பட்டிக்கு இறங்கும். சட்டம் இல்லாத பையில் இருக்கும் மெல்லிய இடுப்புப் பட்டி, பை ஆடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். கடையில் இதைப் பார்க்க ஒரு நிமிடமும் தேவையில்லை. வெறும் பையை மேசையில் நிமிர்த்தி வைத்து, மேலிருந்து உள்ளங்கையால் அமுக்குங்கள். முதுகுப் பக்கம் சுருண்டு மடிந்தால் சட்டம் இல்லை. எதிர்த்து நின்றால் இருக்கிறது.

இவ்வளவும் உறுதியாகச் சொல்லக்கூடியது. 70 வீதம், 80 வீதம் பாரம் இடுப்புக்குப் போகிறது என்று சில இடங்களில் எழுதியிருப்பதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டத்தின் விறைப்பு, ஆளின் உடல்வாகு, பட்டியை இறுக்கும் விதம் எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும்.

உங்கள் கேள்வியில் ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. மத்தியானத்துக்குப் பிறகு, அதாவது தண்ணீர் பாதி முடிந்து பை லேசான பிறகுதான் நோகிறது என்கிறீர்கள். இரண்டு காரணம் இருக்கலாம். காலையில் முழுப் பாரத்தில் நசிந்த சதை அப்போதுதான் கணக்குக் கேட்கிறது. மற்றது, பை பாதி வெறுமையானதும் மிச்சச் சாமான் அடியில் சரிந்து முதுகை விட்டு வெளியே தள்ளி நிற்கும். சைக்கிள் கரியரில் இறுக்கிக் கட்டிய விறகையும், கட்டு நெகிழ்ந்து பின்னால் தொங்குகிற விறகையும் நினைத்துப் பாருங்கள். நிறை ஒன்றுதான், சைக்கிள் ஓட்டுகிறவருக்குத் தெரியும் வித்தியாசம். இதற்காகத்தான் நல்ல பைகளின் இரு பக்கமும் இறுக்குப் பட்டிகள் வைக்கிறார்கள். சாமான் குறையக் குறைய அவற்றை இழுத்துப் பையை ஒடுக்க வேண்டும். அநேகம் பேர் அதை அலங்காரம் என்று நினைத்துத் தொடுவதே இல்லை.

இப்போது அளவு. ஆளின் உயரத்தை விட முதுகின் நீளம்தான் முக்கியம். ஐந்தடி ஒரு அங்குல ஆட்கள் இரண்டு பேருக்கு முதுகு நீளம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று இல்லை. ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு உடம்பு நீளம். அளக்க இன்னொருவர் வேண்டும், தையல் அளவு நாடா வேண்டும். தலையைக் குனியுங்கள். கழுத்தடியில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு வரும், அது தொடக்கம். பிறகு இரண்டு கையையும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்பில் வைத்துப் பெருவிரல்களை முதுகுப் பக்கம் நீட்டுங்கள். இரண்டு பெருவிரலையும் இணைக்கிற கோடு முள்ளந்தண்டைத் தொடும் இடம் முடிவு. நாடாவை முதுகின் வளைவோடு ஒட்டிப் பிடித்து அளக்க வேண்டும். நேராக இழுத்துப் பிடித்தால் குறைவாகக் காட்டும். இடுப்பு எலும்பைத் தேடும்போது பலர் பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் கை வைக்கிறார்கள். அது இடை. எலும்பு இன்னும் பக்கவாட்டில், கொஞ்சம் கீழே, அமுக்கினால் கட்டியாகத் தட்டுப்படும்.

உங்கள் அளவு 40 சென்ரிமீற்றர் அளவில் வரும் என்பது என் ஊகம், அளந்து பார்த்தே முடிவெடுங்கள். பையில் அதே அளவை, தோள்பட்டி முதுகோடு சேரும் இடத்திலிருந்து இடுப்புப் பட்டியின் நடுவரைக்கும் எடுக்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். பை நீளமாக இருந்தால் இடுப்புப் பட்டி எலும்பை விட்டுக் கீழே தொடையில் இறங்கும், பாரம் திரும்பத் தோளுக்கு வந்துவிடும். கட்டையாக இருந்தால் பட்டி வயிற்றில் ஏறி மூச்சை அமுக்கும். 40 லீற்றர் பைகளில் முதுகுச் சட்டம் நீளமாக இருப்பதுதான் வழக்கம், உங்கள் உயரத்துக்கு முதலில் பயப்பட வேண்டியது அதற்குத்தான். அடுத்த பயம், இடம் இருந்தால் நிரப்புவோம். பகல் நடைக்கு 22 இலிருந்து 30 லீற்றர் தாராளம். 20-க்குக் கீழே வந்தால் சட்டம் வைத்த பை கிடைப்பது அரிது. 24 இலிருந்து 28 லீற்றருக்குள், விறைப்பான முதுகும் ஸ்பொஞ்சு வைத்த இடுப்புப் பட்டியும் உள்ள பையைத் தேடுங்கள். முதுகு நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியது கிடைத்தால் இன்னும் நல்லது, தம்பியும் பாவிக்கலாம்.

கடைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல் நான்கும் ஒரு பழைய துவாயும் கொண்டுபோங்கள். வெறும் பை எல்லாத் தோளுக்கும் சுகமாகத்தான் இருக்கும். போத்தல்களைத் துவாயில் சுற்றி முதுகோடு ஒட்டி வைத்து, எல்லாப் பட்டியையும் தளர்த்திவிட்டுப் போடுங்கள். முதலில் இடுப்புப் பட்டி. அதன் நடு எலும்பின் விளிம்பில் இருக்க, பக்கிளைப் போட்டு இறுக்குங்கள். பிறகு தோள்பட்டிகளைப் பை முதுகில் ஒட்டும்வரை இழுங்கள், அதற்கு மேல் இழுத்தால் பாரத்தைத் திரும்பத் தோளுக்கு அழைக்கிறீர்கள். தோளுக்கு மேலிருந்து பையின் உச்சிக்குப் போகிற சின்னப் பட்டி இருந்தால் அதை லேசாக இழுக்க வேண்டும். அது சாய்வாக, ஏறக்குறைய 45 பாகையில் மேலே ஏற வேண்டும். கடைசியாக நெஞ்சுப் பட்டி, காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே. தோள்பட்டிகள் வெளியே வழுக்காமல் பிடிப்பதற்கு மட்டும் அது, இறுக்கினால் மூச்சு முட்டும். பெண்களுக்கு இந்தப் பட்டி மேலும் கீழும் நகரக்கூடியதாக இருப்பது கட்டாயம்.

இப்போது தோள்பட்டிக்குக் கீழே விரலை விடுங்கள். இலேசாகப் போய்வர வேண்டும். நசிந்தால் இடுப்புப் பட்டி வேலை செய்யவில்லை. பட்டி தோளை விட்டு எழும்பி இடைவெளி தெரிந்தால் பை உங்களுக்கு நீளம். கடைக்குள்ளேயே நடங்கள், படி இருந்தால் ஏறி இறங்குங்கள், குனிந்து சப்பாத்தைத் தொடுங்கள், தலையை அண்ணாந்து பாருங்கள், தொப்பி பையில் முட்டுகிறதா என்று. கையை முன்னும் பின்னும் வீசும்போது பட்டியின் விளிம்பு அக்குளை உரசுகிறதா என்பதையும் பாருங்கள். கால்மணி நேரமாவது போட்டபடி நில்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஒன்று பெண்களுக்கு மட்டும், கடையில் ஆண்கள் சொல்ல மாட்டார்கள். சல்வார் போட்டு நடக்கிறீர்கள் என்றால் அதே உடுப்போடு போய்ப் பையைப் போட்டுப் பாருங்கள். நாடா முடிச்சு இடுப்புப் பட்டிக்குக் கீழே வந்தால் ஒரு மணித்தியாலத்தில் தோல் உரிந்துவிடும். என்னிடம் பை திருத்த வந்த ஒருவர் பட்டியின் ஸ்பொஞ்சைக் கூட்டச் சொன்னார். பிரச்சினை ஸ்பொஞ்சில் இல்லை, முடிச்சில். முடிச்சுக்குப் பதிலாக இலாஸ்ரிக் போட்டுக் கொடுத்தேன். தோள்பட்டிக்குக் கீழே வரும் தையல் விளிம்புகளும் உள்ளாடைக் கொக்கியும் இதே வேலையைச் செய்யும். ஆண்கள் பக்கம் தோல் பெல்ற், பொக்கற்றில் இருக்கும் போன்.

விரல் விறைப்புக்கு வருவோம். கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புகள் காறை எலும்புக்கும் அக்குளுக்கும் இடையால் இறங்குகின்றன. கனமான பையின் பட்டி அந்த இடத்தை நெடுநேரம் அமுக்கினால் கை விறைக்கலாம், சிலருக்குக் கை பலவீனமும் வரலாம். சுமை தூக்கி நடக்கிற படைவீரர்களிடம் இது நன்றாக அறியப்பட்ட விஷயம். ஒடுங்கிய பட்டி, அழுத்தினால் ஒட்டிப்போகிற மெத்தென்ற ஸ்பொஞ்சு, இடுப்புப் பட்டி இல்லாமை மூன்றும் அதைக் கூட்டும். விரலால் அமுக்கிப் பாருங்கள். நடுவில் விரலும் விரலும் சந்திப்பது போல இருந்தால் அந்த ஸ்பொஞ்சு ஒரு மாதம் தாங்காது. கடையில் மிக மெத்தென்று இருக்கிற பட்டியை விட, கொஞ்சம் கட்டியாகத் தோன்றுவதை எடுங்கள். பையை மாற்றிய பிறகும் விறைப்பு வந்தால், அல்லது பையைக் கழற்றிய பிறகும் அன்றிரவு வரை போகாவிட்டால், அது என் தையல் மெசினால் தீர்க்கிற பிரச்சினை இல்லை. ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், பை சுமந்த விவரத்தையும் சொல்லுங்கள். ஒரு கையில் மட்டும் வருகிறது என்பதால் பட்டிகள் இரண்டும் ஒரே நீளத்தில் இருக்கின்றனவா என்றும் ஒருக்காப் பாருங்கள். பழைய பைகளில் ஒரு பக்கப் பக்கிள் வழுக்கி இறங்கிக்கொண்டே இருக்கும்.

முதுகில் வலை வைத்த பையா, ஸ்பொஞ்சு ஒட்டிய பையா என்பதில் நடப்பவர்களிடையே ஒற்றுமை இல்லை. வலை வைத்த பையில் சட்டம் வில் போல வளைந்து, முதுகுக்கும் பைக்கும் இடையில் காற்றுப் போக வழி விடும். முதுகு சீக்கிரம் காயும், சட்டை ஒட்டாது, இது நிச்சயம். அதனால் உடம்புச் சூடே குறையும், தண்ணீர் குறைவாகக் குடித்தால் போதும் என்று சிலர் சொல்வதை நான் அவ்வளவு நம்பவில்லை. குறைகளும் உண்டு. பாரம் முதுகிலிருந்து சில சென்ரிமீற்றர் தள்ளிப் போகிறது. உள்ளே வளைவாக இருப்பதால் பெரிய போத்தல் சரியாக நிற்காது. மேடுபள்ளத்தில், பாறையில் ஏறும்போது தள்ளி நிற்கிற பாரம் ஆளை இழுக்கும்.

ஆனால் வன்னியில் நாங்கள் நடக்கிற நிலம் அப்படியில்லை. குளக்கட்டு, வாய்க்கால் ஓரம், கிரவல் ரோட்டு, எல்லாம் மட்டமான வெளி. பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்குவதும் கூடாது. கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியாத இடங்கள் இருக்கின்றன, மண்டையோட்டுப் பலகை இல்லாததால் மட்டும் ஒரு பற்றை பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அடித்த பாதையில், வெயிலில், 7 கிலோவோடு நடப்பதற்கு வலை முதுகு பொருந்தும் என்பது என் கணிப்பு. சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் அதன் சுகம் தெரியும். மலையும் பாறையும்தான் உங்கள் விருப்பம் என்றால் ஒட்டிய முதுகை எடுங்கள்.

தண்ணீரை எங்கே வைப்பது என்பதைப் பலர் பை வாங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள். வெளிப்பக்கத்துப் போத்தல் பொக்கற் இரண்டும் ஒரு லீற்றர்ப் போத்தலைப் பிடிக்க வேண்டும், பையைக் கழற்றாமல் கை பின்னால் போய் எடுத்துத் திரும்ப வைக்கவும் வேண்டும். பை வெறுமையாக இருக்கும்போது இதைப் பரீட்சித்துப் பயனில்லை. உள்ளே நிரம்பியதும் பொக்கற் இறுகிப்போய்ப் போத்தல் பாதியில் நிற்கிற பைகள் நிறைய இருக்கின்றன. வலையால் செய்த பொக்கற்றைத் தவிருங்கள். சூரை முள்ளும் காரை முள்ளும் ஒரே நடையில் அதைக் கிழித்துவிடும், திருத்த வருகிறவற்றில் அதுதான் அதிகம். துணியால் செய்து மேலே இலாஸ்ரிக் வைத்ததே இந்த நிலத்துக்குச் சரி. குடிக்கும்போது இரண்டு பக்கமும் மாறி மாறிக் குடியுங்கள், பை ஒரு பக்கம் சாயாது. மிச்ச இரண்டு லீற்றர் உள்ளே, முதுகோடு ஒட்டி, தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

குழாய் வைத்த தண்ணீர்ப் பை நல்லதா என்றும் கேட்பார்கள். நிற்காமல் குடிக்கலாம் என்பது உண்மையான வசதி. ஆனால் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது, வெயிலில் கிடந்த குழாயின் முதல் மிடறு சுடும், கழுவிக் காயவிடாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். நான் போத்தல் பக்கம்.

இனி என் தொழில். பையை உள்பக்கம் புரட்டுங்கள், புரட்ட முடியாவிட்டால் கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். தோள்பட்டி பையோடு சேரும் மேல் இடமும் கீழ் இடமும்தான் பையின் உயிர். மலிந்த பைகளில் பட்டியின் நுனியை இரண்டு துணிக்கு நடுவில் செருகி ஒரே ஒரு வரி தைத்திருப்பார்கள். 4 லீற்றர்த் தண்ணீரோடு சில மாதம் நடந்தால் அந்த வரி முத்திரை கிழிவது போலக் கிழியும். நல்ல பையில் அந்த இடத்தில் இன்னொரு துண்டுத் துணி வைத்து, சதுரமும் குறுக்குக் கோடுமாகவோ, நெருக்கமாக வளைந்து வளைந்து போகிற சின்னத் தையலாகவோ பல தடவை தைத்திருக்கும். உள்ளே துணி விளிம்புகள் நாடாவால் மூடப்பட்டிருக்க வேண்டும். திறந்து கிடந்தால் நூல் பிரிந்து சிப்புக்குள் போய்ச் சிக்கும். தையல் நெருக்கமாக இருந்தால் பலம் என்று நினைக்காதீர்கள். அளவுக்கு மீறி நெருங்கினால் ஊசித் துளையே துணியை வெட்டிவிடும். அங்குலத்துக்கு ஏழெட்டுத் தையல் அளவானது.

துணிக்கு டெனியர் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 9000 மீற்றர் நூல் எத்தனை கிராம் என்பதே அது. பகல் நடைப் பைக்கு 210 இலிருந்து 600 வரை எதுவும் போதும், அடிப்பக்கம் தடித்ததாக இருந்தால் சரி. எண் கூடினால் நிறையும் கூடும். அதை விடக் கவனிக்க வேண்டியது உள்ளே பூசியிருக்கும் தண்ணீர் தடுக்கும் பூச்சு. எங்கள் சூட்டிலும் ஈரப்பதத்திலும் அது வருடங்கள் போகப் பிசுபிசுத்து, பிறகு செதில் செதிலாக உதிரும். கடையில் நெடுநாள் கிடந்த பை புதிதாகவே தெரியும். உள்ளே மூக்கை வைத்துப் பாருங்கள், புளித்த மணமும் ஒட்டுகிற தன்மையும் இருந்தால் பாதி விலைக்கும் வேண்டாம். வாங்கிய பையையும் தகரக் கூரைக்குக் கீழே மேல்தட்டில் போட்டு வைக்காதீர்கள். கிரவல் புழுதிதான் சிப்பின் எதிரி. பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டிவிட்டு மெழுகுதிரியை உரசினால் பல வருடம் ஓடும். சிப் மூடியும் பல் பிரிகிறது என்றால் அநேகமாகத் தேய்ந்திருப்பது இழுவை மட்டும்தான், சிப் முழுவதையும் மாற்றத் தேவையில்லை. வியர்வை உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்த பட்டியை அன்றன்றே வெறும் தண்ணீரில் அலசுங்கள். அந்த உப்புத்தான் அடுத்த நாள் தோளை உராயும்.

பிராண்ட் கேட்டீர்கள். ஒஸ்ப்ரே, டியூட்டர் இரண்டும் நம்பலாம். பெண்களின் உடல்வாகுக்குக் கட்டையான முதுகும், ஒன்றுக்கொன்று நெருக்கமாக வைத்த வளைந்த தோள்பட்டிகளும் போட்டுத் தனியாகச் செய்கிறார்கள், டியூட்டரில் அவற்றுக்கு எஸ்எல் என்று அடையாளம். விலை கூட. டெக்கத்லோனின் கெச்சுவா, விலைக்கு நல்ல பை. ஆனால் அதில் மிக மலிந்தவை சட்டமில்லாத சின்னப் பைகள், மேலே சொன்ன அமுக்கிப் பார்க்கும் பரீட்சையை அதிலும் செய்யுங்கள். நடைபாதையில் பெரிய பெயர் குத்தி விற்கிற பைகளில் பெயரைப் பார்க்காமல் பட்டியைப் பாருங்கள். தோளுக்கு மேலுள்ள சின்னப் பட்டி, தோள்பட்டி தைத்த அதே தையலிலேயே முடிந்தால் அது வெறும் வேஷம். இடுப்புப் பட்டி வெறும் நாடாவாக இருந்தாலும் அப்படித்தான். நிறத்தில் ஒரு எச்சரிக்கை: படை உடுப்புப் போன்ற புள்ளி அச்சுப் பை வேண்டவே வேண்டாம், வழியில் மறித்துக் கேள்வி கேட்பார்கள். கறுப்பு வெயிலில் காயும். சிவப்பு, செம்மஞ்சள் தூரத்திலிருந்தும் தெரியும்.

இப்போது காசு இல்லை என்றால், இருக்கிற பையை ஓரளவு திருத்தலாம். தடித்த ஸ்பொஞ்சுப் பாயை முதுகு அளவுக்கு மடித்து, அல்லது விளம்பரப் பலகைக்குப் பாவிக்கிற நெளிவுப் பிளாஸ்ரிக் தகட்டை வெட்டி, உள்ளே முதுகோடு ஒட்டி வையுங்கள். கூர் மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டுநாடா சுற்றுங்கள். பிறகு பை தைக்கிற யாரிடமாவது ஸ்பொஞ்சு வைத்த இடுப்புப் பட்டி ஒன்றும் நெஞ்சுப் பட்டி ஒன்றும் போடச் சொல்லுங்கள். தகடு இல்லாமல் பட்டி மட்டும் போட்டால் காசு வீண். இது 5 கிலோ வரைக்கும் நன்றாக உதவும். 7 கிலோவுக்குப் புதுப் பைதான்.

சிவனொளிபாதமலைக்காக 40 லீற்றர் தேவையில்லை. மலை 2243 மீற்றர் உயரம், ஆட்கள் அநேகமாக இரவில் ஏறுகிறார்கள், உச்சியில் விடியப்புறக் குளிர் வன்னிக்காரருக்குப் பழக்கமில்லாத குளிர். ஆகவே சுவெட்டர், தொப்பி, மாற்றுச் சட்டை என்று இடம் பிடிக்கிற, ஆனால் நிறையில்லாத சாமான்தான் கூடும். மார்கழிப் பூரணையிலிருந்து வைகாசிப் பூரணை வரையான காலத்தில் வழியில் தேத்தண்ணிக் கடைகள் இருக்கும் என்பதால் தண்ணீர் ஒன்றரை லீற்றர் போதும். அதே 26, 28 லீற்றர்ப் பைக்குள் எல்லாம் அடங்கும். இறங்கும்போது பை துள்ளினால் முழங்கால்தான் வாங்கும். பக்கப் பட்டிகளை இறுக்கிப் பையை முதுகோடு ஒட்டிவிட்டு இறங்குங்கள். மழைக்கு வெளி உறையை மட்டும் நம்பாமல், உள்ளே தடித்த பெரிய பொலித்தீன் பை ஒன்றைப் போட்டு அதற்குள் உடுப்பை வையுங்கள். மார்கழிக்கு இன்னும் நாள் இருக்கிறது, பையை முதலில் இங்கே குளக்கட்டில் முழுப் பாரத்தோடு இரண்டு மூன்று தடவை போட்டு நடந்து, பட்டிகளின் அளவு பிடிபட்ட பிறகு கொண்டுபோங்கள். முதுகு அளவை எடுத்துவிட்டுக் கீழே எழுதினால், நீங்கள் பார்த்து வைத்திருக்கிற பை பொருந்துமா என்று சொல்கிறேன்.